ஜான் ஸ்னோ வயிற்றுப்பாட்டுக்குச் செய்த வேலை

பொது சுகாதாரம் பற்றி நாலு பக்கம் படித்தவர்களுக்கே ஜான் ஸ்னோவைத் தெரிந்திருக்கும். 1854-இல் லண்டன் சோஹோ பகுதியில் காலரா வந்தபோது, செத்தவர்கள் எந்தெந்த வீட்டில் இருந்தார்கள் என்று விசாரித்து, பிராட் தெரு அடிபம்புத் தண்ணீர்தான் காரணம் என்று சொல்லி, அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தவர். தொற்றுநோயியலின் தந்தை என்று பட்டமெல்லாம் உண்டு. சரி, அதில் தப்பில்லை. ஆனால் அந்த மனிதர் தினமும் காலையில் கருவியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பியது காலராவுக்காக அல்ல. அவருடைய தொழில் மயக்க மருந்து கொடுப்பது. வாடகை கொடுத்தது, சாப்பாடு போட்டது, அரண்மனை வரைக்கும் கூட்டிப் போனது எல்லாம் அந்தத் தொழில்தான். காலரா ஆராய்ச்சியை அவர் சொந்தக் காசில், கிடைத்த நேரத்தில் செய்தார்.

எனக்கு இதில் ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. மயக்க மருந்தை விட்டுவிட்டுப் பம்புக் கதையை மட்டும் சொன்னால் ஸ்னோ ஏதோ துப்பறியும் நிபுணர் மாதிரி ஆகிவிடுகிறார். அவர் வாயுவை அளந்து அளந்து பழகின ஆள். காலரா காற்றில் வரவில்லை என்று அவருக்கு அவ்வளவு உறுதியாகத் தோன்றியதற்கே அந்தப் பழக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

பிறந்தது 1813 மார்ச் 15, யார்க் நகரத்தில், ஊஸ் ஆற்றை ஒட்டிய ஏழைத் தெரு ஒன்றில். அப்பா நிலக்கரிக் கிடங்கில் கூலி வேலை பார்த்தவர். ஒன்பது பிள்ளைகளில் இவர் மூத்தவர். 14 வயதில் நியூகாசிலில் ஹார்ட்காஸில் என்ற மருத்துவரிடம் தொழில் கற்க அனுப்பிவிட்டார்கள். 1831-32 காலராவின்போது பக்கத்துக் கில்லிங்வொர்த் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்க்க இந்தப் பையனைத்தான் அனுப்பினார்கள். 17 வயதில் சைவத்துக்கு மாறினார், மதுவையும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டார். நம் பக்கம் இது ஒரு செய்தியே இல்லை, அன்றைய வட இங்கிலாந்தில் ஆளை ஒரு மாதிரியாகத்தான் பார்த்திருப்பார்கள். 1836-இல் லிவர்பூல், வேல்ஸ், பாத் என்று சுற்றிக்கொண்டு நடந்தே லண்டனுக்கு வந்து சேர்ந்தார். தேர்வுகளை முடித்து 1838-இல் சோஹோவில் ஃபிரித் தெரு 54-ஆம் எண் வீட்டில் போர்டு மாட்டினார். நோயாளிகள் பெரிதாக வரவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவச் சங்கக் கூட்டங்களுக்குத் தவறாமல் போவார், எழுந்து பேசுவார். குரல் கரகரவென்று இருக்குமாம், ஆரம்பத்தில் யாரும் காது கொடுக்கவில்லை. 1841-இல் அங்கே அவர் படித்த ஒரு கட்டுரை, மூச்சில்லாமல் பிறக்கும் குழந்தைகளை எப்படி மூச்சுவிட வைப்பது என்பது பற்றியது. ஈதர் என்ற ஒன்று வருவதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே மனிதர் மூச்சைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் ஆவியைச் சுவாசிக்க வைத்து ஒரு நோயாளியை உறங்கவைத்தார், அறுவை நடந்தது. செய்தி கப்பலில் லண்டனுக்கு வந்து சேர டிசம்பர் ஆகிவிட்டது. டிசம்பர் 21-இல் ராபர்ட் லிஸ்டன் ஈதர் கொடுத்து ஒருவரின் காலை எடுத்தார். இந்த லிஸ்டன் வேகத்துக்குப் பேர் போனவர். மயக்கம் இல்லாத காலத்தில் அறுவை மருத்துவரின் திறமை என்றாலே வேகம்தான், நாலு பேர் பிடித்துக்கொள்ள நோயாளி கதறுவதற்குள் முடித்தாக வேண்டும். ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 28-ஆம் தேதி, ஜேம்ஸ் ராபின்சன் என்ற பல் மருத்துவர் ஈதர் கொடுப்பதை ஸ்னோ நேரில் பார்த்தார்.

அப்போது நடந்துகொண்டிருந்த கூத்தைக் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ள வேண்டும். ஒரே மருந்து, ஒரே கருவி. ஒருவர் அமைதியாகத் தூங்குகிறார், அடுத்தவர் கையைக் காலை உதறிக்கொண்டு கத்துகிறார், மூன்றாமவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. இது நம்பத்தக்க சமாச்சாரம் இல்லை என்று பல மருத்துவர்கள் கைகழுவத் தயாராக இருந்தார்கள். நோயாளியின் உடல்வாகு அப்படி என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. ஸ்னோ நோயாளியை விட்டுவிட்டுக் கருவியைப் பார்த்தார்.

ஈதர் சுமார் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் திரவம். காற்றில் எவ்வளவு ஈதர் ஆவி கலக்கும் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது: பூஜ்ய டிகிரியில் கலவையில் கால் பங்குதான் ஈதர், 20 டிகிரியில் பாதிக்கும் மேலே போய்விடும். போதாததற்கு, ஆவியாகும்போது அது தன்னையே குளிர வைத்துக்கொள்ளும். ஊசிக்கு முன்னால் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கிறதே, அதே சங்கதி. அப்போதைய கருவிகள் கண்ணாடி ஜாடிக்குள் ஈதரில் ஊறின பஞ்சு. கண்ணாடி வெளியிலிருந்து வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. ஆக நோயாளி மூச்சிழுக்க இழுக்கப் பஞ்சு குளிரும், ஆவி குறையும், மயங்க வேண்டிய நேரத்தில் மருந்து போதாமல் போகும். லண்டன் டிசம்பர் குளிர் வேறு. இதில் குழாய்களும் ஒடுக்கம். சிலர் உதறியது மருந்தினால் அல்ல, மூச்சு முட்டியதால்.

ஈதரை முதன்முதலில் பார்த்து மூன்று வாரம் ஆவதற்குள், 1847 ஜனவரி 16-இல், எந்த வெப்பநிலையில் காற்று எவ்வளவு ஈதர் ஆவியை ஏற்கும் என்று ஒரு அட்டவணை போட்டு அதே வெஸ்ட்மின்ஸ்டர் சங்கத்தில் வைத்தார். அடுத்த வாரம் தன் இன்ஹேலரைக் கொண்டுவந்து காட்டினார். உலோகப் பெட்டி, உள்ளே காற்று ஈதரின் மேல் சுற்றிச் சுற்றிப் போகச் சுருள் பாதை, பெட்டியை வைக்க ஒரு பாத்திரம் தண்ணீர். தண்ணீரின் சூட்டைத் தெரிந்துகொண்டால் ஆவியின் பலம் தெரிந்துவிடும். அகலமான குழாய். பிற்பாடு சேர்த்த முகமூடியில் ஒரு வால்வு, அதைத் திருப்பினால் வெளிக்காற்று வேண்டிய அளவு கலக்கும். இது அறிவியல் வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த கருவிகளில் ஒன்று. அதில் மின்னுகிற பாகம் எதுவும் இல்லை. ஒரு பேசின் தண்ணீரை வைத்து அவர் மயக்கத்தைக் கணக்குக்குள் கொண்டுவந்துவிட்டார்.

தொழில் தொடங்கிய விதத்தைப் பற்றி அவருடைய நண்பர் பெஞ்சமின் வார்ட் ரிச்சர்ட்சன் ஒரு வேடிக்கையான சம்பவம் எழுதியிருக்கிறார். ஸ்னோ தெருவில் போகும்போது, தெரிந்த மருந்து வியாபாரி ஒருவர் பெரிய ஈதர் கருவியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிரே ஓடிவந்தாராம். வணக்கம் சொன்னதற்கு, என்னை நிறுத்தாதீர்கள் டாக்டர், அங்கேயும் இங்கேயும் எங்கேயும் ஈதர் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், நல்ல வரும்படி என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் பறந்துவிட்டாராம். இவருக்கே பிழைப்பு நடக்கிறது என்றால் மூச்சைப் பற்றி இத்தனை வருஷம் படித்த நமக்கும் கொஞ்சம் சிந்தாதா என்று ஸ்னோ நினைத்தார். நேரே செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைக்குப் போய் அனுமதி கேட்டார். முதலில் பல் பிடுங்க வந்தவர்களுக்குக் கொடுத்தார். நன்றாக நடந்ததும் பெரிய அறுவைகளுக்கும் கூப்பிட்டார்கள். லிஸ்டனே கூப்பிட்டார்.

அதே 1847-இல் ஈதர் பற்றிச் சின்னப் புத்தகம் ஒன்று போட்டார். மயக்கத்தை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார் அதில். முதல் படியில் தலை லேசாகும், நினைவு இருக்கும். இரண்டாவதில் புத்தி குழறும். மூன்றாவதில் தானாகச் செய்யும் அசைவு எதுவும் இருக்காது. நான்காவதில் உடல் முழுக்கத் தளர்ந்துவிடும். ஐந்தாவதில் மூச்சே தடுமாறும், அங்கே போகக் கூடாது. இமையைத் தொட்டால் சிமிட்டுகிறதா, கண் எங்கே பார்க்கிறது, மூச்சு எப்படி இருக்கிறது, தசை விறைத்திருக்கிறதா என்று பார்த்து, இப்போது எந்தப் படியில் இருக்கிறார் என்று முடிவு செய்யலாம். அறுவை மருத்துவர் காயத்தைப் பார்க்கட்டும், ஒருவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மயக்க மருத்துவர் என்ற தனி ஆள் தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

எங்கள் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் நடந்தது. அறுவை செய்த டாக்டரின் பெயர் இன்றைக்கும் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும், போகிறவர் வருகிறவரிடம் அம்மா சொல்லித் தீர்த்துவிட்டார். மயக்க டாக்டர் முந்தின நாள் சாயங்காலம் வந்தார். "அம்மா, வாயை நல்லா திறங்க. பல் ஏதாவது ஆடுதா? மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதா? வீட்டுல யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்காம போயிருக்கா?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பெண்ணின் பெயர் எங்களுக்கு பில்லில்தான் தெரிந்தது. அம்மாவிடம் கேட்டால், அறுவைக்கு முன்னால் ஒரு பொண்ணு வந்து பல்லைப் பார்த்துச்சு என்பார். ஆபரேஷன் நடந்த நேரம் முழுக்க அம்மாவின் மூச்சு அந்தப் பெண்ணின் கையில் இருந்தது.

சரி, ஸ்னோவுக்கு வருவோம். ஈதர் புத்தகம் வந்த கையோடு அது பழசாகிவிட்டது. 1847 நவம்பர் 4 இரவு எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சனும் அவருடைய உதவியாளர்கள் இருவரும் சாப்பாட்டு மேசையில் குளோரோஃபார்மை முகர்ந்து பார்த்து மேசைக்கடியில் விழுந்தார்கள். சில நாட்களிலேயே சிம்ப்சன் பிரசவங்களுக்கு அதைக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். ஈதரைவிட வாசனை நல்லது, சீக்கிரம் பிடிக்கும், கருவியும் வேண்டாம், கைக்குட்டையில் ஊற்றி மூக்கருகே பிடித்தால் போதும். ஊரே அதற்குத் தாவிவிட்டது.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1848 ஜனவரி 28, நியூகாசில் பக்கத்தில் வின்லேட்டன் என்ற ஊர். ஹன்னா கிரீனர், 15 வயது. கால் விரல் நகத்தை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். துணியில் ஒரு டீஸ்பூன் குளோரோஃபார்ம். சில நிமிடத்தில் இறந்துவிட்டாள். முன்பு ஒருமுறை இதே மாதிரி நகம் எடுக்க ஈதர் கொடுத்து ஒன்றும் ஆகாமல் பிழைத்த பெண். சிம்ப்சன், குளோரோஃபார்ம் காரணமில்லை, அவளைத் தெளியவைக்க வாயில் ஊற்றிய தண்ணீரும் பிராந்தியும்தான் மூச்சை அடைத்தது என்றார். ஸ்னோ அதை ஏற்கவில்லை. ஆவி அளவுக்கு மீறிப் பலமாக இருந்து இதயத்தை நேராகத் தாக்கி நிறுத்தியது என்றார்.

இங்கேயும் அதே கணக்குதான். 20 டிகிரியில் குளோரோஃபார்ம் முழுக்க ஆவியாகி நிறைந்தால் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு வரை போகும். ஸ்னோ பாதுகாப்பு என்று சொன்ன எல்லை நூற்றுக்கு நாலு, ஐந்து. துணியில் ஊற்றிப் பிடிக்கிறவருக்குத் தான் இரண்டு கொடுக்கிறோமா பத்து கொடுக்கிறோமா என்று தெரிய வழியே இல்லை. நூறு பேருக்கு ஒன்றும் ஆகாது, நூற்றியோராவது ஆள் கால் நகத்துக்காக வந்து செத்துப்போவான். ஆகவே குளோரோஃபார்முக்கும் ஒரு இன்ஹேலர் செய்தார். அவர் இறந்த பிறகு, 1862-இல், ஜோசப் க்ளோவர் இன்னும் ஒரு படி மேலே போய், நாலரை சதவீதக் கலவையை முன்கூட்டியே அளந்து நிரப்பிய ஒரு பெரிய பையை முதுகுப் பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு வேலை செய்தார்.

இவ்வளவு கருவி பேசின மனிதர் விக்டோரியா ராணிக்குக் கைக்குட்டையில்தான் கொடுத்தார் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். 1853 ஏப்ரல் 7, எட்டாவது பிரசவம், இளவரசர் லியோபோல்ட். வலி வரும்போது மட்டும் 15 மினிம், அதாவது ஒரு மில்லிலிட்டருக்கும் கொஞ்சம் குறைவு, மடித்த கைக்குட்டையில். 53 நிமிடம். ராணி ஒருமுறைகூட நினைவிழக்கவில்லை. வலியைக் குறைத்தால் போதும், தூங்கவைக்கத் தேவையில்லை என்பது கணக்கு. அந்த அளவுக்குக் கைக்குட்டை போதும் என்பதும் அவருக்குத் தெரியும். "அந்த ஆசீர்வதிக்கப்பட்ட குளோரோஃபார்ம்" என்று ராணி நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1857-இல் பியாட்ரிஸ் பிறந்தபோதும் ஸ்னோவைத்தான் கூப்பிட்டார்கள். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பிரசவ வலியைக் குறைப்பதை மதகுருமார்கள் கடுமையாக எதிர்த்தார்கள் என்று சேர்த்துச் சொல்வது வழக்கம். அது ஊதிப் பெருக்கினது. எதிர்ப்பு மருத்துவர்களிடமிருந்துதான் அதிகம் வந்தது. சாதாரணப் பிரசவத்துக்கு எதற்கு இந்த ஆபத்து என்று 'லான்செட்' மருத்துவ இதழ் கோபமாக எழுதியது.

ராணிக்குக் கொடுத்தவர் என்றதும் ஊர்ப் பெண்களுக்கு ஆர்வம் தாங்கவில்லை. ஒரு பெண்மணி, ராணி என்ன சொன்னார் என்று சொன்னால்தான் மேற்கொண்டு சுவாசிப்பேன் என்று அடம்பிடித்தாராம். மாட்சிமை தாங்கிய ராணி உங்களைவிட ரொம்ப நேரம் சுவாசித்த பிறகுதான் கேள்வியே கேட்டார், நீங்களும் ராஜ விசுவாசத்தோடு அப்படியே செய்யுங்கள், எல்லாம் சொல்கிறேன் என்றார் ஸ்னோ. அவர் கண் விழித்தபோது டாக்டர் கிளம்பிப் போயிருந்தார்.

1848 முதல் 1858 வரை அவர் எழுதிவைத்த நோயாளிக் குறிப்பேடுகள் மூன்று தொகுதிகளாகக் கிடைத்திருக்கின்றன. பல் பிடுங்கல், மூத்திரப்பைக் கல், மார்புக் கட்டி, பிளந்த உதட்டோடு பிறந்த கைக்குழந்தை, அரண்மனைப் பிரசவம், எல்லாம் ஒரே தொனியில், ஒரே வரிசையில். ராணிக்குத் தனிப் பக்கம் கிடையாது.

இப்போது காலரா. அந்தக் காலத்தில் பெரும்பாலோர் நம்பியது, அழுகல் நாற்றத்திலிருந்து எழும் கெட்ட காற்றை மூச்சிழுத்தால் நோய் வரும் என்று. 1849-லேயே ஸ்னோ இதை மறுத்துச் சிறு வெளியீடு ஒன்று போட்டுவிட்டார், அதாவது பம்புக்கு ஐந்து வருஷம் முன்னால். அவர் கேட்ட கேள்விகளைப் பாருங்கள். மூச்சில் போகிற விஷம் என்றால் முதலில் ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கக் காட்ட வேண்டும், காய்ச்சலோ தலைசுற்றலோ வர வேண்டும். இது ஏன் நேராகக் குடலில் தொடங்குகிறது? வாயு என்றால் தூரம் போகப் போகக் கரைந்து பலம் குறையும், அப்புறம் எப்படி நாற்றத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறவன் தப்பித்து, தள்ளியிருக்கிறவன் சாகிறான்? எந்த ஆவி எவ்வளவு சுவாசித்தால் எத்தனை நிமிடத்தில் என்ன ஆகும் என்று தவளையிலும் சுண்டெலியிலும் தன் மேலும் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஆளுக்குத்தான் இந்தக் கேள்விகள் வரும். வாயு இப்படி நடந்துகொள்ளாது என்று அவருக்குக் கைப்பழக்கத்தில் தெரியும். அப்படியானால் வாய்வழியாக விழுங்கினதுதான்.

இந்த உறுதி அவரைச் சங்கடத்திலும் மாட்டிவிட்டது. 1855-இல் எலும்பு வேகவைக்கிறவர்கள், சோப்புக் காய்ச்சுகிறவர்களின் தொழிலைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தபோது, நாற்றம் சகிக்காதுதான், ஆனால் அதனால் கொள்ளைநோய் வராது என்று நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். லான்செட் ஆசிரியர் கொதித்துப்போய், ஸ்னோ தன் உண்மைகளை இறைக்கிற கிணறு ஊர்ச் சாக்கடைதான் என்று எழுதினார். கொள்ளைநோய் விஷயத்தில் ஸ்னோ சொன்னது சரி. ஆனால் அந்தத் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களின் கஷ்டத்தை அவர் கொஞ்சம் சுலபமாகத் தள்ளிவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

அமிலீன் கதையையும் சொல்லிவிட வேண்டும். 1856 நவம்பரில் குளோரோஃபார்முக்கு மாற்றாக அமிலீன் என்ற திரவத்தை அவரே அறிமுகப்படுத்தினார். நன்றாகத்தான் போனது. பிறகு அவர் கையாலேயே கொடுத்து இரண்டு பேர் இறந்தார்கள். விட்டுவிட்டார். இரண்டு சாவையும் விவரமாக எழுதி வெளியிட்டார்.

1858 ஜூன் 10-இல் தன் பெரிய குளோரோஃபார்ம் புத்தகத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கவாதம் தாக்கியது. 16-ஆம் தேதி இறந்துபோனார், வயது 45. புத்தகத்தை ரிச்சர்ட்சன் அந்த வருஷமே வெளியே கொண்டுவந்தார். குளோரோஃபார்மில் இறந்த 50 பேரின் கதைகளைத் தேடிச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் என்ன நடந்தது என்று அலசியிருக்கிறார் அதில். லான்செட் போட்ட இரங்கல் குறிப்பு மூன்று நாலு வரிதான், மயக்க மருந்து ஆராய்ச்சியைத் தொழில் துறையினர் பாராட்டினார்கள் என்று இருந்தது, காலரா பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதற்காக 2013-இல் அதே இதழ் ஒரு திருத்தமும் வெளியிட்டது.

குளோரோஃபார்ம் ஏன் கொல்கிறது என்ற சண்டை அவரோடு முடியவில்லை, அது நம் ஹைதராபாத்துக்கு வந்தது. அங்கே ரெசிடென்சியில், அதாவது பிரிட்டிஷ் பிரதிநிதியின் அலுவலகத்தில், சர்ஜனாக இருந்த எட்வர்ட் லாரி, எடின்பரோவில் படித்தவர், மூச்சைக் கவனித்தால் போதும், இதயம் முதலில் நிற்கவே நிற்காது என்று சாதித்தார். நிஜாம் பணம் கொடுக்க, 1888, 1889 என இரண்டு கமிஷன்கள் உட்கார்ந்தன. இரண்டாவதற்கு லண்டனிலிருந்து லாடர் பிரண்டன் என்ற மருத்துவரை வரவழைத்து, நாய், குரங்கு என்று 400-க்கும் மேற்பட்ட விலங்குகளைச் சோதித்து, லாரி சொன்னதுதான் சரி என்று முடிவு சொன்னார்கள். (லாரியிடம் படித்து குளோரோஃபார்ம் கொடுத்துப் பழகிய ரூபா பாய் ஃபர்தூன்ஜியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.) 1911-இல் லீவி என்பவர் பூனைகளை வைத்து, குளோரோஃபார்மில் இதயத்துடிப்பு திடீரெனத் தாறுமாறாகி நின்றுவிட முடியும் என்று நிரூபித்தார். ஹன்னா கிரீனரின் இதயம்தான் முதலில் நின்றது என்று ஸ்னோ சொன்னதற்கு 63 வருஷம் கழித்துக் கிடைத்த பக்கபலம். ஆனால் லீவி காட்டியதில் இன்னொன்றும் இருந்தது: அது ஆழ்ந்த மயக்கத்தில் அல்ல, அரைகுறை மயக்கத்தில்தான் நடந்தது. ஆவி பலமாகிவிட்டதுதான் காரணம் என்று ஸ்னோ சொன்ன பாதி, அந்த இடத்தில் இடிக்கிறது. அவருடைய 50 கதைகளையும் இந்தக் கண்ணோடு மறுபடி படித்துப் பார்த்தால், கால் நகம், பல், விரல் என்று சின்னச் சின்ன அறுவைக்கு வந்து, ஆழமாக மயங்குவதற்கு முன்பே செத்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். வேண்டிய விவரமெல்லாம் அவரே எழுதிவைத்திருக்கிறார்.